காலிப் பெட்டி தூக்கியவள்

முதுகு வலிக்கு முகம் கிடையாது, கண்ணுகளா. கை ஒடிந்தால் கட்டுப் போட்டதைக் காட்டலாம். முதுகு போனால் எதைக் காட்டுவது? கிடங்கில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவளுக்கு முதுகுதான் போனது.

பத்து நாள் படுத்துக் கிடந்துவிட்டு அன்று விசாரணைக்கு வந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: லேபிள் ஒட்டும் மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலை. காயம் வேலையால் வந்தது என்றால் கம்பெனி அதைக் கொடுத்தே ஆக வேண்டும், சட்டம் அப்படி. அவளாகத் தேடிக்கொண்டது என்றால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அறையில் மேலாளர், குமாஸ்தா, பாதுகாப்புக் குழுவில் தொழிலாளிகள் பக்கம் பேச உட்கார்ந்திருக்கிற அவளுடைய நாத்தனார். நாத்தனாரை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவள்தான். அந்தத் தெம்பில்தான் வந்திருந்தாள்.

மேலாளர் குரலில் தேன் ஒழுகியது. "பெட்டிய எப்படித் தூக்கணும்னு யாரும் சொல்லித் தரலையாம்மா?"

"சொன்னாங்க சார். மணிக்கு நூறு பெட்டின்னா முட்டிய மடக்க நேரம் ஏது?"

அவர் ஒரு பெரிய படத்தை விரித்தார். அதில் இருந்தது அவளேதான். முட்டி மடங்கி, முதுகு நிமிர்ந்து, பெட்டியை மார்போடு அணைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பவுடர் பூசிக்கொண்டு வந்து எடுத்த படம். அதைக் கிடங்குச் சுவரில் ஒட்டிய நாளிலிருந்து அவளுக்குப் பேரே சுவர்க்காரி.

"எல்லாருக்கும் பாடம் எடுத்ததே நீங்க. உங்களுக்கே மறந்துபோச்சா?"

"அது காலிப் பெட்டி சார்."

"படத்துல கனம் தெரியாதும்மா."

குமாஸ்தா களுக்கென்று சிரித்தான்.

"டிராலி வாங்கி வைக்கிறது எங்க கடமை. அத எடுத்து ஓட்டுறது உங்க கடமை," என்ற மேலாளர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "டிராலி இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

அடுத்த வார்த்தைக்குச் சுவர்க்காரி காத்திருந்தாள். டிராலி தூணோடு சங்கிலி போட்டுக் கிடக்கும். சாவி சூப்பர்வைசர் பையில். இன்ஸ்பெக்டர் வருகிற அன்றுதான் சங்கிலி அவிழும். சாவி கேட்டவளை "மகாராணிக்குப் பல்லக்கு வேணுமோ?" என்று அவன் நாறடிப்பதும் ஊரறிந்த கதை. நாத்தனாரும் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான்.

நாத்தனாரின் கையைத் தட்டினாள்.

"சங்கிலியச் சொல்லுடி!"

நாத்தனார் நகத்தைப் பார்த்துக்கொண்டாள். "கேட்டா சாவி குடுப்பாங்க அண்ணி. அன்னிக்கு நீங்க கேட்டீங்களா?"

"அன்னிக்குக் கேக்கல. ஆனா…"

'கேட்கவில்லை' என்பதோடு குமாஸ்தாவின் பேனா நின்றுவிட்டது.

காயம் அவளாகத் தேடிக்கொண்டது என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒரு நகலைக் கையில் திணித்து வெளியே அனுப்பினார்கள். நடையில் அவள் கையிலிருந்து தாள் நழுவிக் கீழே விழுந்தது. குனிய முடியாமல் நின்றாள். பின்னாலேயே வந்த நாத்தனார் எடுத்துத் தரக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. "அய்யோ" என்று இடுப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

சுவர்க்காரிக்குப் பொறி தட்டியது. "எத்தனை நாளாடி?"

"ரெண்டு மாசமா அண்ணி. யார்கிட்டயும் சொல்லல. அந்த மேசையில ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு. நீங்க உக்காந்துட்டா நான் எங்க போவேன்? கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் தூக்கி விடுங்க."

சுவர்க்காரி கையை நீட்டவில்லை. திரும்பிப் போய்க் கதவைத் தள்ளினாள்.

"சார், இவளுக்கும் இடுப்பு போயிருச்சு. ரெண்டு மாசமாச்சாம். வந்து பாருங்க."

மேலாளர் வந்து பார்த்தார். அதே தேன் குரல். "ரெண்டு மாசமாவா? வலின்னா அன்னிக்கே வந்து சொல்றது உங்க கடமையாச்சே. குழுவுல இருக்கறவங்களே மறைச்சா எப்படிம்மா?"

குமாஸ்தா புதுத் தாள் ஒன்றை எடுத்தான். "அண்ணி, அண்ணி" என்று நாத்தனார் கூப்பிடுவது கேட்டது. சுவர்க்காரி சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு நடந்தாள்.