எத்தனை பேர் ஏறும் படகு

"பதினாறு அடி போதுமா பிரேமா?"

"எதுக்குங்க?"

"போட்டுக்கு."

"யாரோட போட்டுக்கு?"

"நமக்குத்தான். வாங்கப் போறேன்ல."

"பக்கத்து வீட்டு மாமி கட்டுற புடவையே பதினெட்டு முழம். அதைவிடச் சின்னதாவா படகு வாங்குவாங்க?"

தை மாதம் நடந்த பேச்சு. நவநீதன் அன்று வாய்விட்டுச் சிரித்தார். பிரேமலதா அந்தச் சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு படகைப் பற்றி அவர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பேசியதெல்லாம் போனில், சகாயநாதனோடுதான்.

துவாக்குடியில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் இருவரும். ஓய்வு பெற்றதும் சகாயநாதன் சொந்த ஊரான மல்லிப்பட்டினத்துக்குப் போய்விட்டார். நவநீதன் சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினால் ஞாயிறு இரவுதான் ஸ்ரீரங்கம் திரும்புவார். சகாயநாதனின் தம்பியுடைய படகில் விரிகுடாவுக்குள் போய்த் தூண்டில் போடுவார்கள். கிடைத்த மீனைக் கரையிலேயே சமைத்துச் சாப்பிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுவர வழியில்லை. இவர்கள் குடியிருந்த மாடியை வாடகைக்கு விடும்போதே, அடுப்பில் மீன் ஏறக் கூடாது என்று சொல்லித்தான் வீட்டுக்காரர்கள் விட்டிருந்தார்கள்.

மகள் வைஷ்ணவி கல்யாணமாகிப் புனேவுக்குப் போனபின், அந்த இரண்டு நாளும் வீட்டில் பிரேமலதா மட்டும்தான். ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எப்போதும் மிஞ்சியது. அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பாள். யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று டிவியைப் போடுவாள். சாயங்காலம் போனில் ஒரு படம் வரும். அதில் கடலோ மீனோ இருக்கும். அதை அவர் எடுத்திருப்பதால் அவர் இருக்க மாட்டார். அவள் அதையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தத் தண்ணீர் எப்படி அசையும், அதன்மேல் உட்கார்ந்தால் உடம்புக்கு எப்படி இருக்கும் என்றெல்லாம் யோசிப்பாள்.

'என்னையும் கூட்டிட்டுப் போங்க' என்று கேட்டுவிடலாம். சத்திரம் பஸ் நிலையத்தில் அவரை வழியனுப்பியபோது ஒருமுறை தொண்டை வரைக்கும் வந்தது. பஸ் கிளம்பிவிட்டது. இன்னொரு முறை அவர் பையை மடித்துக் கொடுத்தபோது வாயைத் திறந்தாள். "சட்டை காஞ்சிடுச்சா?" என்று அவர் கேட்டார். காய்ந்துவிட்டது என்று சொன்னாள்.

பிரேமலதாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். இது குடும்பத்தில் எப்போதோ முடிவான விஷயம். வறண்ட மருங்காபுரியிலிருந்து மருமகளாக வந்த முதல் ஆடிப்பெருக்கில், அம்மா மண்டபத்துக் காவிரிப் படித்துறையில் எல்லோருடைய செருப்பையும் துண்டையும் மாமியார் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மேல்படியில் நின்றாள். அடுத்த வருஷமும் கொடுத்தார்கள். மாமியார் போனபின் நாத்தனார்கள் கொடுத்தார்கள். நீயும் இறங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று யாரும் சொன்னதில்லை. மேல்படியிலேயே நிற்பவளைப் பார்த்துப் பார்த்து, "மருங்காபுரிக்காரிக்கு ஆத்தைக் கண்டாலே நடுக்கம்" என்று கேலி பேசினார்கள். கேலி பேசப் பேச அது உண்மையாகிவிட்டது. நவநீதனும் நம்பினார். அவளும் மறுத்துச் சொன்னதில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எடமலைப்பட்டி புதூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்த சகாயநாதன் வீட்டுக்கும் வந்தார். நவநீதன் அவளுடைய கோலப்பொடி டப்பாவையும் அளவு டேப்பையும் தூக்கிக்கொண்டு நண்பரை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். அவள் டீயோடு ஏறும்போதே பேச்சு படிக்கட்டு வரை கேட்டது.

"பத்து ஹெச்.பி. போட்டுக்கலாமே, சகாயம்?"

"யோவ், ஆசைக்கு வாங்குற சாமானா மோட்டார்? நம்ம பக்கம் கடல் ரொம்ப தூரம் வரைக்கும் ஆழமே கிடையாது. வெயிட்டான மோட்டாரை மாட்டினா பின்பக்கம் அமுங்கும். விசிறி போய்ப் பாசியில சிக்கும். அப்புறம் நீ இறங்கித் தள்ளணும். பதினாறு அடிக்கு எட்டே தாராளம்."

"காத்து அடிச்சா?"

"காத்து அடிச்சா வீட்டுல படுத்துத் தூங்கு."

மொட்டை மாடித் தரையில் வெள்ளைக் கோட்டில் ஒரு படகு கிடந்தது. முன்பக்கம் கூம்பி, நடுவில் அகன்று, பின்பக்கம் நறுக்கினாற்போல் நின்றது. உள்ளே கட்டங்கள் போட்டிருந்தார். நடுவில் அவர் உட்காரும் பலகை. பின்னால் மோட்டார். முன்னால் சகாயநாதனுக்கு. ஓரத்தில் ஐஸ் பெட்டிக்கு ஒரு கட்டம், பெட்ரோல் கேனுக்கு ஒரு கட்டம். பிரேமலதா தட்டைப் பிடித்தபடி கோட்டுக்கு வெளியிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். ஐஸ் பெட்டிக்குக்கூட இடம் இருந்தது.

"ஏறி உக்காந்து பாருங்க தங்கச்சி, ஆடுதான்னு" என்றார் சகாயநாதன்.

"அவளா? கோலப்பொடிப் படகுலயே மயக்கம் போட்டுடுவா" என்று நவநீதன் பிரியமாகச் சிரித்தார். "கடல் பக்கமே வர மாட்டா. பாவம், விடு."

அவளும் சிரித்து வைத்தாள். டீயைக் கொடுத்தாள்.

சகாயநாதனின் போன் அடித்தது. படகு செய்யும் பட்டறைக்காரர். சகாயநாதன் ஸ்பீக்கரைப் போட்டார்.

"அண்ணே, காலையில அச்சுல ஃபைபர் போடுறோம். பதினாறு அடிதானே? போட்டுட்டா அப்புறம் ஒரு ஜாண் கூட்ட முடியாது, சொல்லிட்டேன். எத்தனை பேர் ஏறுவாங்க?"

"நான் ஒரு ஆள்தான். சகாயம் வந்தா ரெண்டு" என்றார் நவநீதன்.

"அப்ப பதினாறு போதும். மூணு பேருன்னாத்தான் இருபது அடி, மோட்டாரும் பெருசாப் பார்க்கணும். பதினாறையே முடிச்சுடவா?"

பிரேமலதா தட்டைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள். நாளைக்குக் காலையில் அது படகாகிவிடும். பிறகு எத்தனை சனிக்கிழமை வந்தாலும் கேட்க ஒன்றும் இருக்காது.

"முடிச்சுடு" என்று நவநீதன் சொல்ல வாயெடுத்தார்.

"இருங்க."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குத் தண்ணின்னா பயமெல்லாம் இல்லைங்க. உங்க எல்லார் செருப்பையும் பிடிச்சுக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான்." அவர் முகத்தையே பார்த்துச் சொன்னாள். "நானும் உங்களோட கடலுக்கு வரணும். எனக்கும் உக்கார இடம் வச்சு அளவு சொல்லுங்க."