போரோன் போத்தல்

அம்மா கிணற்றடியில் குந்தியிருந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கிழமையில் அது முதல் தடவை அல்ல. முதுகைத் தடவப் போன என் கையைத் தட்டிவிட்டு, "வேலைக்குப் போற நேரத்திலை உதுக்குள்ளை வந்து நிக்காதை" என்றார்.

தட்டிய கையைப் பார்த்தேன். புறங்கை அவித்த இறால் போலச் சிவந்திருந்தது. விரலிடுக்குகளில் தோல் உரிந்து தொங்கியது.

"இதென்னம்மா?"

"வெங்காயம் நட்ட கை உப்பிடித்தான் இருக்கும்."

அம்மா வெங்காயம் நட்ட காலம் மலையேறிவிட்டது. விரல்கள் விட்டால்தானே நடுவதற்கு? மூட்டுவாதம் வந்து ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு பக்கம் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரவே சம்மதித்தார். கிழமைக்கு ஒருநாள் விழுங்கச் சொல்லி ஒரு மஞ்சள் குளிசை கொடுத்தார்கள். மெதுமெதுவாக வீக்கம் வற்றியது. வளைந்த விரல்கள் வளைந்தபடிதான் இருந்தன. ஆனாலும் தேங்காய் திருவினார், விளக்குமாறு பிடித்தார், என் தலையை இழுத்து வைத்துப் பேன் பார்த்தார். அந்தக் குளிசை இல்லாவிட்டால் அம்மாவுக்குக் கை இல்லை. அது எனக்குத் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படித்தது இரசாயனவியல். பார்ப்பது கரவெட்டியில் ஒரு கந்தோரில் கடிதங்களுக்கு முத்திரை குத்தும் வேலை. வீட்டில் கரண்ட் பில் குழப்பமாக வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். வங்கியில் இருந்து இங்கிலிஷில் கடிதம் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். மருந்து விஷயத்தில் மட்டும் என் பேச்சு எடுபடாது. அதற்கு றஜிந்தன் இருக்கிறான்.

றஜிந்தன் அம்மாவின் தமையனுடைய மகன். எனக்கு மச்சான். மானிப்பாயில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். அங்கேயே கண்ணாடிப் பெட்டிக்குள் சத்துமாத்திரைப் போத்தல்களையும் அடுக்கி விற்பான். மாரி முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் உடுவில் வீட்டுக்கு ஒரு போத்தலோடு வந்தான். மூட்டு நோவுக்குப் போரோன் கப்சூல். மேலே ஒட்டியிருந்த தாளில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தார். எந்த ஊரில், யார் செய்தது என்று தேடினேன். ஒன்றும் இல்லை.

அவன் அம்மாவோடு கதைக்கவில்லை. நேரே அப்பாவிடம் போனான்.

"மாமா, போன வருசம் உங்கடை பப்பாசி என்ன கோலத்திலை காய்ச்சது?"

"முண்டும் முடிச்சுமா. சந்தையிலை ஒருத்தன் தொடேல்லை."

"பேந்து?"

"விவசாயப் போதனாசிரியர் வந்து பாத்திட்டு, மண்ணிலை போரோன் காணாதெண்டார். வாங்கிப் போட்டன். அடுத்த காய்ப்பு வழுவழுவெண்டு வந்தது."

"அவ்வளவுதான் மாமா விசயம். மண்ணிலை இல்லாட்டி மரக்கறியிலை இல்லை. மரக்கறியிலை இல்லாட்டி மாமியின்ரை மூட்டிலை இல்லை."

"என்ரை அம்மாவை என்ன பப்பாசியெண்டு நினைச்சீரோ?" என்றேன்.

"மச்சாள், நீர் கெமிஸ்ரி படிச்சனீர். போரோன் ஒரு மூலகமோ, இல்லையோ?"

"ஆசனிக்கும் மூலகம்தான். கொஞ்சம் கரைச்சுத் தரட்டோ?"

றஜிந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. அந்தப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவே தேடி வாசித்தேன். சின்னச் சின்ன ஆய்வுகள் சில இருந்தன. கொஞ்சப் பேருக்கு நோவு குறைந்ததாகச் சொன்னார்கள். நம்புவதற்கு அது போதாது. கப்சூலில் இருப்பதாகச் சொல்லப்பட்ட அளவோ மிகச் சிறியது, ஆளை ஒன்றும் செய்யாது. சரி, தொலையட்டும் என்று விட்டேன். றஜிந்தனை மட்டும் விடவில்லை. அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவனுடைய பையைத்தான் பார்த்தேன்.

இப்போது இந்த வாந்தி, இந்தக் கை. அம்மா முகம் கழுவப் போன நேரம் குசினித் தட்டில் இருந்த போத்தலைத் திறந்தேன். உள்ளே கப்சூல் இல்லை. வெள்ளைத் தூளும் ஒரு பிளாஸ்டிக் கரண்டியும் இருந்தன.

"அம்மா, இதென்ன தூள்?"

"றஜிந்தன் தந்தது. இப்ப தூளாத்தான் வருதாம்."

அம்மா என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி சொன்னார். பிறகு தானாகவே, "வாந்தி அந்த மஞ்சள் குளிசையாலை. இண்டைக்குக் கிளினிக்தானே, சொல்லி நிப்பாட்டுவிக்கப் போறன்" என்றார்.

எனக்குத் தலைக்குள் ஏதோ தீய்ந்தது. விற்றவன் பணக்காரனாவான், வேலை செய்யும் மருந்துக்குப் பழி விழும். போத்தலைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

றஜிந்தன் அப்போதுதான் கடைக்கதவைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

"வாரும் மச்சாள், வாரும். போன் உடைஞ்சு போச்சோ?"

"உம்மடை மண்டைதான் உடையப் போகுது." போத்தலைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தேன். "உது என்ன?"

திறந்து பார்த்தான். "போத்தல் என்ரை. உள்ளுக்குக் கிடக்கிறது என்ரை இல்லை."

"பொய் சொல்லாதையும். நீர் தந்ததெண்டு அம்மா சொன்னவ."

"மாமியோ? மாமி என்னத்துக்கு அப்பிடிச் சொல்லுறா? மச்சாள், நான் வித்தது கப்சூல். அதுவும் கொழும்பிலை இருந்து வாறது நிண்டு எவ்வளவு காலம்! மாமா வந்து கேட்டவர், இல்லையெண்டு அனுப்பினனான். சந்தேகமெண்டால் கடையைக் கிண்டிப் பாரும்."

கிண்டினேன். மேசை லாச்சி, பெட்டிகள், பின்னறை எல்லாம். பழைய போன்களும் வயர்களும்தான். அவன் தடுக்கவில்லை. தூளில் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்துக்கொண்டு நின்றான். விற்பனைச் சிரிப்பு இல்லாத அவன் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மச்சாள்... மாமா போகேக்கை ஒண்டு கேட்டவர். கப்சூலுக்குள்ளை இருக்கிறதும் தோட்டத்துக்குப் போடுறதும் ஒண்டோ எண்டு."

"நீர் என்ன சொன்னனீர்?"

"ஓம் மாமா, அதுவும் போரோன்தான் எண்டன்."

"விசரா! பகிடி விடுற நேரமா அது?"

"பகிடிக்குச் சொல்லேல்லை" என்றான் மெல்ல. "வியாபாரத்துக்குச் சொன்னனான். சாமான் திரும்ப வரேக்கை வாங்குவார் எண்டு."

அவனைத் திட்ட நேரம் இருக்கவில்லை. திரும்பி வந்த வேகத்தில் எத்தனை நாய் துரத்தியதோ தெரியாது.

அப்பா தோட்டத்தில், தண்ணீர்ப் பம்பி வைத்த கொட்டிலுக்குள் நின்றார். உரப்பைகளுக்கு மேலே பப்பாசிக்கு வாங்கிய போரோன் பைக்கற் இருந்தது. வாய் மடித்து றப்பர் பான்ட் போட்டிருந்தது. நான் அதை எடுத்து நீட்டியதும், "ஓம்" என்றார். ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"அப்பா, இது உரம்!"

"அதுவும் போரோன்தான். ரெண்டும் ஒண்டுதான் எண்டு றஜிந்தனே சொன்னவன். அளவில்லாமல் குடுக்க எனக்கென்ன விசரே?"

"என்ன அளவு?"

"ஒரு பப்பாசி மரத்துக்குப் போடுறதிலை பாதி. அவ மெலிஞ்ச ஆள்தானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் அதோடேயே வந்தது. கப்சூலில் இருப்பது ஊசிமுனையளவு என்று நான் சொல்லச் சொல்ல, அவர் நம்பாமல் என்னையும் பைக்கற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவ குடிச்சிட்டு நோவு குறைவெண்டுதானே சொன்னவ."

"வாந்தியெடுக்கிறா. கை உரிஞ்சு கிடக்கு. காணேல்லையோ?"

"அது ஆஸ்பத்திரிக் குளிசையாலையாம். அம்மாதான் சொன்னவ."

அம்மாதான் சொன்னாராம். எனக்கு ஒரு பொய், அப்பாவுக்கு இன்னொரு பொய். காலையிலிருந்து றஜிந்தனுக்குப் பின்னால் ஓடிய என் சந்தேகம் அந்த இடத்தில் வீட்டுக்குள் திரும்பியது.

அம்மா கிளினிக்குக்குச் சேலை மாற்றிக்கொண்டிருந்தார். "உது உரமெண்டு உங்களுக்குத் தெரியும்" என்றேன். கேள்வியாகக் கேட்கவில்லை.

"மெதுவாக் கதை. அவர் கேக்கப் போறார்."

"ஏன் குடிச்சனீங்கள்?"

அம்மா சேலைக்கு ஊசி குத்தப் பார்த்தார். விரல் வரவில்லை. நான் வாங்கிக் குத்தினேன்.

"இந்தக் கை கோணத் தொடங்கினாப் பிறகு அந்த மனுசன் இதை நேரே பாத்ததில்லை. பயம். சோறு போட்டுக் குடுத்தாலும் கோப்பையைத்தான் பாக்கும். இப்ப விடியக்காலமை எழும்பி, தண்ணி கொதிக்க வைச்சு, கரைச்சு, ஆத்தி, பக்கத்திலை இருந்து குடிக்கப் பண்ணிப்போட்டு, ஒவ்வொரு விரலாப் பிடிச்சுப் பாக்குது. எனக்கு வேண்டாமெண்டு எந்த வாயாலை சொல்லுறது?"

நான் சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்டேன்.

"ஆஸ்பத்திரியிலை நீ வாய் திறக்கக் கூடாது. நமசிவாயம் பெண்டிலுக்கு உரம் வைச்சவன் எண்டு கொப்பரைப் பாத்து ஊரே சிரிக்கும். தூளை இண்டையோடை விடுறன். குளிசையிலை பழியைப் போட்டிட்டு வருவம்."

"குளிசையை நிப்பாட்டினால் மிச்சக் கையும் போகும்."

"போனால் போகட்டும்."

ஓட்டோவில் அப்பாவையும் ஏற்றினேன். வரமாட்டேன் என்றவரை, "வாங்கோ" என்ற ஒரு சொல்லோடு கையில் பிடித்து ஏற்றினேன். பைக்கற் என் மடியில் இருந்தது.

கிளினிக்கில் வழமையான காத்திருப்பு. எங்கள் முறை வந்தபோது மூவரும் உள்ளே போனோம். டொக்டர் என் வயதுப் பெண். அம்மாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாந்தியும் இருக்கோ அம்மா? தலைமயிர் கொட்டுதோ?"

"ஓம் டொக்டர். அந்த மஞ்சள் குளிசை எனக்கு ஒத்துவரேல்லை."

"இந்தக் குளிசையாலையும் உப்பிடி வாறதுதான்." பேனையை எடுத்து ஒரு வரி எழுதினார். "அப்ப இதை நிப்பாட்டிப்போட்டு வேறை பாப்பம். வேறை ஏதும் மருந்து எடுக்கிறீங்களோ? நாட்டு மருந்து, கசாயம், கடையிலை வாங்கினது?"

"ஒண்டுமில்லை."

மேசைக்குக் கீழே அம்மாவின் கால் என் காலை அழுத்தியது. நான் காலை இழுத்துக்கொண்டு, பைக்கற்றை எடுத்து மேசையில் வைத்தேன். டொக்டரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தேன்.

"நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

பேனை எழுதாமல் நின்றது. அப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் சுருட்டினார்.

"நான்தான் குடுத்தனான் பிள்ளை" என்றார் டொக்டரிடம். "தோட்டத்துக்குப் போடுறது. மூட்டுக்கு நல்லதெண்டு. அவ பாவம், நான் நீட்ட நீட்டக் குடிச்சவ."

எவ்வளவு என்று டொக்டர் கேட்டார். மரக்கணக்கை அப்பா அப்படியே சொன்னார். பக்கத்தில் நின்ற தாதி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். டொக்டர் சிரிக்கவில்லை. எழுதிய வரியை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினார்.

"அம்மாவை இப்பவே வாட்டிலை விடவேணும். கிட்னி எப்பிடியெண்டு ரத்தம் எடுத்துப் பாப்பம். ரிப்போட் வரும்வரைக்கும் குளிசை வேண்டாம், பிறகு கட்டாயம் தொடங்க வேணும். அதிலை பிழையில்லை."

அம்மா என்னைப் பார்க்காமல் எழும்பினார். அப்பா எழும்பவில்லை.

"டொக்டர், அப்ப அவவின்ரை விரல் எப்பிடி நிமிரும்?"

"வளைஞ்சது இனி நிமிராது, ஐயா. மிச்சம் வளையாமல் பாக்கத்தான் அந்தக் குளிசை."

பொய்தானே என்று கேட்பதுபோல அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். உண்மைதான் என்பதுபோல நான் தலையை ஆட்டினேன்.

"எனக்கு உது தெரியும்" என்றார் அம்மா வாசலில் நின்றபடி. "அவருக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. இப்ப சந்தோசமே உனக்கு?"

வாட்டில் சேலைன் ஏற்றினார்கள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்று நின்று பார்த்துவிட்டு எங்கேயோ போனார். திரும்பி வரும்போது கையில் கன்ரீன் தேத்தண்ணி இருந்தது. அம்மா எழும்பி, வளைந்த விரல்களை நீட்டினார்.

நான் இடையில் வாங்கினேன். ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன்.

"சீனி மட்டும்தான், பிள்ளை" என்றார் அப்பா.

இன்னொரு மிடறும் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுத்தேன்.