நிகானோரின் மீசை

ஒப்துலியா என்னிடம் அதைச் சொன்னது கடையில், எண்ணெய் அலமாரிக்கு முன்னால் நின்றபோது.

"அக்கா, எங்க வீட்டு ஆளு வெளிய திருட்டுத்தனமா தின்றாரு. நேத்து மீசைய மோந்து பார்த்தேன்."

"என்ன வாசம் வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. அதான் சந்தேகம். கழுவிட்டு வந்திருக்காரு."

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் சலீனாஸ் ஊரில் சர்க்கரைக்காரர் இருக்கிற வீட்டுப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கடைக்குக் கூட்டிப்போய், டப்பாக்களின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லித்தருவது என் வேலை. வகுப்பில் ஒப்துலியா அளவுக்குச் சொன்னதைச் செய்தவர்கள் இல்லை. பயற்றைப் பன்றிக்கொழுப்பில் மசிப்பதை நிறுத்தினாள். கோதுமை ரொட்டி போய்ச் சோள ரொட்டி வந்தது, அதுவும் வேளைக்கு இரண்டுதான். சோடா வாசல் தாண்டவில்லை. இருந்தும் அவள் கணவர் நிகானோரின் சர்க்கரை மூன்று மாதமாக ஏறிக்கொண்டே போனது.

நிகானோர் லெட்டூஸ் கீரை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். அடுத்த பரிசோதனையிலும் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசி என்று ஆனால் கம்பெனி தன்னை லாரியிலிருந்து இறக்கிக் கிடங்கில் உட்காரவைத்துவிடும் என்று நிகானோர் பயந்தார். இருபத்தாறு வருடம் ஸ்டீரிங் பிடித்த கை. பரிசோதனைக்குப் பத்து நாள் இருந்தது.

ஒப்துலியா துப்புத் துலக்கினாள். கிடங்குக்கு எதிரே இனிப்பு ரொட்டி விற்கிற பெண்ணிடம் விசாரித்தாள். "'அவரு வர்றதே இல்லம்மா'ங்கிறா. சொல்லிக்குடுத்து வச்சிருக்காரு." லாரி இருக்கைக்கு அடியில் கிடைத்த, இனிப்பு ரொட்டி மேல் பூசுகிற ரோஸ் நிறச் சர்க்கரைத் துணுக்கு ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து எனக்குக் காட்டினாள். அது எந்த ஓட்டுநர் காலத்தில் விழுந்ததோ. போதாததற்கு, போன தடவை டாக்டரிடமும் சொல்லியிருந்தாள்: இவர் பத்தியம் இருக்கிறதில்லை, ஒளிந்து தின்கிறார். டாக்டர் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார்.

நானும் நம்பினேன் என்பதை மறைப்பதில் பொருளில்லை. வீட்டில் கீரையும் தெருவில் பன்றி வறுவலுமாக இரட்டை வாழ்க்கை நடத்திய ஆண்களை இந்த வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சிக்கு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அன்று நிகானோருக்கு விடுமுறை. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் விரலில் குத்திப் பார்த்தாள். நூற்று நாற்பத்திரண்டு.

"இப்ப ரெண்டு மணி நேரம் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாது, கிழவா."

"கைதிக்கு ஒண்ணுக்கு விடுவாங்களா?"

"விடுவாங்க. கதவு திறந்திருக்கும்."

"அக்கா, கேட்டீங்களா? கல்யாணத்தன்னிக்குக்கூட இவ என்னை இவ்வளவு கண்ணு எடுக்காம பார்க்கல."

வழக்கம்போலப் பெரிய கண்ணாடிக் குவளை நிறையப் பச்சைச் சாறு கொடுத்தாள். எங்கள் தெருவில் சர்க்கரைக்காரர் இருக்கிற எந்த வீட்டிலும் விடிந்தால் மிக்ஸி ஓடும் சத்தம் இந்தச் சாற்றுக்காகத்தான். சப்பாத்திக்கள்ளி மடலைச் சீவிப்போட்டு அரைப்பது. நிகானோர் ஒரே மூச்சில் குடித்தார். பிறகு இரண்டு முட்டை, வதக்கிய கள்ளி, சர்க்கரை போடாத காபி. ரொட்டிகூட இல்லை. ஒன்பது மணி வரை அவர் வானொலியில் பந்தாட்டம் கேட்டார். நாங்கள் இருவரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்பதுக்கு மறுபடி குத்தினாள். இருநூற்று அறுபத்தெட்டு.

ஒப்துலியா அவர் சட்டைப் பையைத் துழாவினாள். பிறகு நாற்காலி மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள்.

"வாயத் திறக்கட்டுமா? கடவாப்பல்லுல கேக்கு ஒளிச்சு வச்சிருக்கேன்," என்றார் நிகானோர். ஆனால் குரலில் சிரிப்பு இல்லை.

நான் குப்பைக்கூடையைப் பார்த்தேன். கள்ளி முள்ளின் மேல் ஆரஞ்சுத் தோல் குவிந்து கிடந்தது.

"சாறுல என்னென்ன போடுற?"

"கள்ளி, செலரி. கசப்பு தெரியாம இருக்க ஆரஞ்சு."

"எத்தனை?"

"ஆறு. அப்புறம் பாதி அன்னாசி. சக்கையில்லாம நல்லா வடிகட்டிடுவேன், தொண்டையில நிக்கும்னு." அவள் நிறுத்தினாள். "பழந்தானே, அக்கா. பழம் நல்லதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னேன்தான். அவள் தள்ளுவண்டியில் வாரா வாரம் இரண்டு பை ஆரஞ்சு இருந்ததைப் பார்த்துத் தட்டிக்கொடுத்ததும் நான்தான். பழத்தைக் கடித்துத் தின்பது வேறு, ஆறு பழத்தின் இனிப்பை வடித்துக் குடிப்பது வேறு என்று டப்பா டப்பாவாகப் படிக்கச் சொன்ன எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அதை இப்போது சொன்னேன்.

நிகானோர் வானொலியை அணைத்தார். "எனக்கு அந்தச் சாறு பிடிக்கவே பிடிக்காது," என்றார். "வேண்டாம்னு சொன்னா, வெளிய தின்னுட்டு வந்ததாலதான் சாறு உள்ள இறங்க மாட்டேங்குதுன்னு சொல்லுவியேன்னு குடிச்சேன்."

மறுநாளிலிருந்து மிக்ஸி ஓடவில்லை. ஆனால் அந்தப் பரிசோதனை மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. ஒரு வாரத்தில் பெரிதாக மாறாது என்று எனக்குத் தெரியும். அவர்களிடமும் சொன்னேன்.

டாக்டரிடம் நானும் போனேன். எண் இறங்கவில்லை. அவர் ஊசியைப் பற்றி ஆரம்பிக்கும் முன்பே ஒப்துலியா எழுந்து நின்றாள்.

"டாக்டர், போன தடவை நான் சொன்னத அடிச்சிடுங்க. அவரு எங்கயும் திருடித் தின்னல. தினமும் காலைல நாந்தான் குடுத்தேன்." விரல் விட்டு எண்ணிச் சொன்னாள், ஆறு ஆரஞ்சு, பாதி அன்னாசி. வீட்டில் கடந்த ஒரு வாரம் எடுத்த எண்களையும் நீட்டினாள்.

டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார். வீட்டு எண்கள் இப்படியே இறங்கினால் ஊசியை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம், ஆறு வாரம் பார்ப்போம் என்றார். கோப்பில் ஒரு வரியை அடித்தார்.

வெளியே வெயில். ஒப்துலியா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். நிகானோர் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"இதுல என்ன?"

"தண்ணி."

"நீ மொதல்ல குடி, கிழவி."

அவள் பாதியைக் குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள்.