ஆரோக்கியம்மாள் மூச்சு வாங்கும் இடம்

வீட்டுக் கூடத்தில் சவப்பெட்டியைச் சுற்றி நின்ற பெண்கள் வாயைத் திறப்பதற்குள் பாட்டு அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. கீபோர்டு எங்கேயும் நிற்காமல் ஓடியது. ஜெயராணி மட்டும் பழக்கதோஷத்தில் நடுவில் "ஆண்டவரே!" என்று கத்திவிட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்க்கவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜான்சிக்குச் சுருக்கென்றது. பெட்டியில் கிடக்கும் அவள் அம்மா ஆரோக்கியம்மாள் கட்டிய பாட்டு அது. கொஞ்ச நேரத்தில் பெட்டியை மூடிக் கல்லறைக்குத் தூக்கிவிடுவார்கள். அதற்குள் அந்தப் பாட்டை அம்மா பாடியபடி ஒரு தடவையாவது பாடிவிட வேண்டும்.

பாடகர் குழுவை நடத்தும் தேவசகாயம் பொல்லாதவர் இல்லை, பாவம். சிதம்பரத்திலிருந்து ஆட்களை வரவழைத்து, வரிகளை நீட்டி, இடைவெளி இருந்த இடமெல்லாம் இசையைப் போட்டு அடைத்திருந்தார். செத்தவளுக்குச் செய்யும் மரியாதை என்றுதான் நினைத்தார்.

ஆரோக்கியம்மாளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. ஒரே மூச்சில் நாலு வார்த்தை வந்தால் பெரிய காரியம். பாடகர் குழுவில் சேர்க்கவில்லை. வேறொருத்தி என்றால் முடங்கிப் போயிருப்பாள். இவளா! தன் மூச்சு எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் வரி என்று தானே பாட்டுக் கட்டினாள். இவள் மூச்சு வாங்கும் நேரத்தில் மஞ்சக்குப்பத்துத் தெருப் பெண்கள் "ஆண்டவரே" என்று எடுத்துக்கொள்வார்கள். நல்ல குரல்காரர்கள் பாடினால் வாய் பார்க்கும் சனம், இவள் பாட்டுக்கு மட்டும் சும்மா இருந்ததே கிடையாது. என்ன மனுஷி!

ஜான்சி எழுந்துபோய்க் கீபோர்டின் மேல் கையை வைத்தாள்.

"நிறுத்துங்க மாமா."

"ஏம்மா, நல்லாத்தான போவுது?" என்றார் தேவசகாயம்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கம்மாவால இத பாட முடியாது மாமா."

"அங்கங்க சும்மா கெடந்துச்சேம்மா. அதான் ரொப்புனேன்."

"சும்மா கெடக்கல. அது இவுங்களோட எடம்," என்று பெண்களைக் காட்டினாள்.

தேவசகாயம் அந்தப் பெண்களைப் பார்த்தார். கீபோர்டை அணைத்தார்.

"அப்ப நீயே எடும்மா."

ஜான்சி அம்மாவின் தலைமாட்டில் போய் நின்றாள்.

"வாசல் தெறந்தே கெடக்கு..."

அவளுக்கு இழுப்பு எதுவும் கிடையாது. ஒரே மூச்சில் பாட்டையே முடித்திருப்பாள். ஆனாலும் அம்மா மூச்சு வாங்கும் இடத்தில் நிறுத்தினாள்.

"ஆண்டவரே!" ஜெயராணிதான் முதலில்.

"சோறு கொஞ்சந்தான் இருக்கு..."

"ஆண்டவரே!" இந்தத் தடவை வாசலில் நின்ற ஆம்பிளைகளும் சேர்ந்துகொண்டார்கள். தேவசகாயத்தின் கனத்த குரலும் அதில் கேட்டது.

"உக்காந்து சாப்ட்டுப் போங்க..."

பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்த ஜான்சியின் தம்பி அன்பரசு, அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "ஆண்டவரே" என்றான்.