சுத்தமாகத் தவறிய குறி

காசு கட்டி வேட்டைக்கு வருகிறவர்களுக்கென்று நான் ஒரு பேச்சு வைத்திருக்கிறேன். முதல் நாள் சாயங்காலம், மலைக்குடிலில், சூப் ஆறுவதற்குள் அதைச் சொல்லி முடித்துவிடுவேன். மலைக்கு உங்கள் பெயர் தெரியாது. நீங்கள் கட்டிய முன்பணமும் தெரியாது. நாலு நாளும் மூடுபனியை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். மலையாட்டுக் கிடா எதிரே வந்து நின்றாலும் நான் சொல்லாமல் விசையைத் தொடக்கூடாது. சம்மதமென்றால் சாப்பிடுங்கள், இல்லையென்றால் காலை ஏழு மணிக்குப் பஸ் இருக்கிறது.

கராவாங்கே என்ற எங்கள் பனிமலையில் இருபத்திரண்டு வருஷமாக மலையாட்டு வேட்டைக்கு வழி காட்டுகிறேன். சிடுமூஞ்சிக்காரி ஸல்கா என்று எனக்குப் பெயர். இருக்கட்டும். வருகிறவர்களின் ஆசையைப் பார்த்தால் நீங்களும் சிடுசிடுப்பீர்கள். ஒருவர் தன் வீட்டு வரவேற்பறையில் முன்கூட்டியே ஆணி அடித்து, அந்த ஆணியைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். கொம்பு அங்கேதான் தொங்கப் போகிறதாம். இப்போது அதில் அவர் மனைவியின் தொப்பி தொங்குகிறது. ஆசையை ஆரம்பத்திலேயே நறுக்கிவிட்டால் ஏமாற்றம் சின்னதாக வரும், அவ்வளவுதான் என் வித்தை.

ஊருக்குத்தான் உபதேசம். போன ஆகஸ்டில் நானே போனை எடுத்து ஒரு மனிதருக்கு வாக்குக் கொடுத்தேன்.

அவர் பெயர் லீவன். பெல்ஜியத்தில், கெண்ட் நகரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அறுபத்து மூன்று வயது, ஒட்டகக் கால், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. முதல் வருஷம் வந்தபோது நாலு நாளும் மூடுபனி. இரண்டாம் வருஷம் கடைசி நாளில் ஒரு கிடா நின்றது. இருநூற்று எண்பது மீட்டர். அவருக்கு அது தூரம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் "சுடுங்க" என்று சொல்லிவிட்டேன். சுட்டார். கிடா பாறைக்குப் பின்னால் போய்விட்டது. நான் முன்னால் ஓடிப் பார்த்தேன். பனியில் ஒரு கொத்து முடியும் மூன்று சொட்டு இரத்தமும் கிடந்தன. அவர் மூச்சிரைக்க வந்து சேர்வதற்குள் அதன்மேல் பூட்ஸை வைத்து நின்றுகொண்டேன்.

"சுத்தமாத் தவறிடுச்சு, லீவன். ஒரு முடிகூட உதிரல" என்றேன்.

அவர் தலையாட்டினார். அன்றே ரயில் ஏறினார். நான் என் நாய் லிஸ்காவைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் அலைந்து, ஒரு ஓடைப் பள்ளத்தில் அந்தக் கிடாவைக் கண்டுபிடித்தேன். இன்னும் உயிர் இருந்தது. நான்தான் முடித்து வைத்தேன். விருந்தாளி சந்தோஷமாக வீடு போகட்டும் என்றுதான் மறைத்தேன் என்று எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. சுடச் சொன்னது நான். அந்தத் தப்பை அவர் கண்ணுக்குக் காட்ட எனக்குத் துணிச்சல் இல்லை.

அதனால்தான் ஆகஸ்டில் ஒரு கிழக் கிடாவைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கரிய மேனி, வெளுத்த முகம், எப்போதும் தனியாக நிற்கும். பாதிரி என்று பெயர் வைத்தேன். கொம்பு வளையங்களை எண்ணினேன், பதினொன்று. எங்கள் மலையில் பதினோரு வயதுக் கிடா குதிரைக்கொம்பு. அன்றைக்கே லீவனைக் கூப்பிட்டேன்.

"நவம்பர்ல வாங்க. உங்களுக்குன்னு ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். இந்தத் தடவை கண்டிப்பா."

"கண்டிப்பான்னு உங்க வாயால நான் கேட்டதே இல்லையே, ஸல்கா."

"இப்பக் கேட்டுக்குங்க."

வந்தார். குடிலில் பார்லிக் கஞ்சியைப் பரிமாறிவிட்டு, பழக்க தோஷத்தில் பேச்சை ஆரம்பித்தேன்.

"மலைக்கு உங்க பேரு தெரியாது—"

"முன்பணமும் தெரியாது, ஏழு மணிக்குப் பஸ். எனக்கு மனப்பாடம். கறித்துண்டு இன்னும் ரெண்டு போடுங்க." பிறகு, "நாளைக்கு லிஸ்காவும் நம்ம கூட வரட்டும்" என்றார்.

"அவ எதுக்கு? ஊர்ந்து போற இடத்துல நாய் என்ன பண்ணும்?"

"வரட்டுமே. எனக்கு அவளைப் பிடிச்சிருக்கு."

முதல் இரண்டு நாள் பெட்டைகளும் குட்டிகளும்தான் கண்ணில் பட்டன. மூன்றாம் நாள் எண்பது மீட்டரில் ஓர் அழகான கிடா வந்து நின்றது, ஆறு வயது. சுட்டால் அந்தக் கொம்பை வசந்தகாலக் கண்காட்சியில் சுவரில் மாட்டி, இளசைச் சுட்ட குற்றத்துக்கு மேலே சிவப்புப் பொட்டு ஒட்டி, கீழே என் பெயரையும் எழுதுவார்கள். நான் தலையை அசைத்து வேண்டாம் என்றேன். லீவன் துப்பாக்கியைக்கூட எடுக்கவில்லை. "என்னமா நிக்கிறான் பாருங்க" என்று பைனாகுலரில் ரசித்துக்கொண்டிருந்தார். தவிப்பு எனக்குத்தான். வாக்குக் கொடுத்தவள் நானல்லவா.

நாலாம் நாள் காலை பத்து மணி. மூடுபனி கிழிந்தது. எதிர்ச் சரிவில் சரளைக்கல் உருளும் சத்தம். இளங்கிடா ஒன்று தலைதெறிக்கக் கீழே ஓடிவந்தது. அதன் பின்னால், முதுகு மயிர் சிலிர்த்து, இரண்டு மடங்கு பெரிதாக, பாதிரி.

நான் இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு துரத்தலைப் பார்த்ததில்லை. செங்குத்துப் பாறையில் குதிப்பதும், பனியில் சறுக்குவதும், மறுபடி மேலே பாய்வதும் என்று இரண்டும் ஒரு முழுச் சரிவையே கலக்கிவிட்டன. இளசைப் பள்ளத்தாக்குக்கு விரட்டிவிட்டு, பாதிரி திரும்பி ஏறி வந்து, ஒரு பாறைத்திட்டில் பக்கவாட்டாக நின்றது. மூக்கிலிருந்து ஆவி பறந்தது. தூரம் பார்க்கும் கருவியைக் கண்ணில் வைத்தேன். முந்நூற்றுப் பத்து.

"அதுதான். அவனேதான். சுடுங்க" என்றேன்.

லீவன் முதுகுப்பையின் மேல் துப்பாக்கியை வைத்துப் படுத்தார். பார்த்தார். பிறகு பூட்டைத் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன பண்றீங்க?"

"தூரம்."

"தூரமெல்லாம் இல்ல. காத்தே இல்ல. அசையாம நிக்கிறான்."

"எனக்குத் தூரம், ஸல்கா."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று அவர் காதருகே குனிந்தேன். "யோவ், மூணு வருஷமா வர்றே. இன்னிக்குச் சாயங்காலம் உனக்கு ரயில். நான் ஆகஸ்ட்லேர்ந்து இவன் பின்னாடியே அலைஞ்சிருக்கேன். சுடுய்யா." எந்த விருந்தாளியையும் நான் அதுவரை ஒருமையில் பேசியதில்லை.

அவர் கோபப்படவில்லை. தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார். "இப்ப இவன் கிடைக்கலேன்னா யாருக்கு வருத்தம்? எனக்கா, உனக்கா?"

"போன வருஷம் ஒரு மயிரிழையிலதான் உனக்குத் தவறிச்சு—"

"தவறல" என்றார் லீவன். "இரத்தத்தைப் பார்த்தேன். உன் பூட்ஸுக்கு வெளியே ஒரு சொட்டு இருந்துச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு இதைவிட மரியாதையாக யாரும் செருப்படி கொடுத்திருக்க முடியாது. எனக்குக் காது சுட்டது.

"அப்பவே கேட்டிருக்கலாமே" என்றேன்.

"நீ அவ்வளவு பாடுபட்டுச் சிரிச்சே. எப்படிக் கேக்கறது? வீட்டுக்குப் போனப்புறம் துப்பாக்கியைத் தொடவே மனசு வரல. நாய் கூட வரட்டும்னு எதுக்குச் சொன்னேன்னு நினைச்சே?"

சொல்லிவிட்டேன். ஓடைப் பள்ளம், இரண்டாம் நாள், உயிர் இருந்தது, நான் முடித்தது, எல்லாம். சுடச் சொன்னது என் தப்பு என்பதையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில் நீளமாக மூச்சு விட்டார்.

"சரி. கண்டுபிடிச்சியே, அதுபோதும். இப்பக் கிட்டப் போவோமா?"

பாதிரி இன்னும் அந்தத் திட்டிலேயே நின்றது. லிஸ்காவைக் குட்டைப் பைன் புதரில் கட்டிவிட்டுப் படுத்தோம். அதன்பிறகு முக்கால் மணி நேரம் என் வயதை நான் மறந்துபோனேன். கற்களுக்கு இடையே வயிற்றால் ஊர்வோம். அது தலையைத் தூக்கினால் செத்ததுபோல் கிடப்போம். அது தலையைத் திருப்பினால் இரண்டு முழம் நகர்வோம். பின்னாலிருந்து லீவனின் சிரிப்பு மூச்சாக வந்துகொண்டிருந்தது, பள்ளிக்கூடத்திலிருந்து சுவரேறிக் குதித்த பையனுக்கு வரும் சிரிப்பு. எனக்கும் தொற்றிக்கொண்டது. இருநூறு. நூற்று எழுபது. நூற்று முப்பது. அதற்குமேல் மறைவு இல்லை.

வளையங்களை மறுபடி எண்ணினேன். பதினொன்று. "உன் இஷ்டம்" என்று மட்டும் காதில் சொன்னேன். சுடு என்று சொல்லவில்லை.

அவர் தோட்டாவைப் போட்டார். மூச்சு அடங்கக் காத்திருந்தார். பாதிரி ஓர் அடி எடுத்து வைத்த நொடியில் வெடி கேட்டது.

கிடாவுக்கு மேலே பாறையில் தூசி பறந்ததைப் பைனாகுலரில் தெளிவாகப் பார்த்தேன். பாதிரி ஒரே பாய்ச்சலில் திட்டைத் தாண்டி, பனிச்சரிவில் நேராக மேலேறி, முகட்டில் நின்று, எங்களைப் பார்த்து மூக்கால் ஒரு சீழ்க்கை அடித்துவிட்டு மறுபக்கம் இறங்கிவிட்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் ஆகஸ்ட், என் வாக்கு, எல்லாம் முகட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. திரும்பினேன். லீவன் வெளிறிப்போய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்வதற்கு என்னிடம் ஒரே ஒரு உண்மைதான் இருந்தது. அதுவும் போன வருஷத்துப் பொய் போலவே இருந்தது, அச்சு அசலாக.

"சுத்தமாத் தவறிடுச்சு, லீவன்."

அவர் எழுந்தார். "நீ இங்கயே இரு. நான் முதல்ல போறேன்."

போகவிட்டேன். என்ன செய்வது, சம்பாதித்து வைத்தது அப்படி. அவர் திட்டில் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, பனியை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தார். கால் மணி நேரம் கழித்துத்தான் கையசைத்துக் கூப்பிட்டார். லிஸ்காவை அவிழ்த்துக்கொண்டு போனேன். பாறையில், கிடாவின் முதுகு இருந்திருக்கும் உயரத்துக்கு ஒரு சாண் மேலே, தோட்டா பட்ட சாம்பல் நிறத் தீற்றல். லிஸ்கா குளம்புத் தடத்தை முகர்ந்து பார்த்து, ஆர்வமே இல்லாமல் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டாள். அப்படியும் லீவன் விடவில்லை. முகடுவரை தடத்தைப் பிடித்துக்கொண்டே ஏறினார். நானும் பின்னால் ஏறினேன். பனி வெள்ளையாக இருந்தது. ஒரு முடி இல்லை, ஒரு புள்ளி இல்லை.

முகட்டில் அவர் தொப்பியைக் கழற்றி எறிந்தார். "தவறிடுச்சு" என்றார். பிறகு இன்னும் சத்தமாக, "தவறிடுச்சுடி, ஸல்கா. நிஜமாவே தவறிடுச்சு." என்னைக் கட்டிப்பிடித்து, அந்த ஒட்டகக் காலோடு பனியில் ஒரு சுற்றுச் சுற்றினார். கிடாவைச் சுட்டவர்கள் பலர் என்னைக் கட்டிப்பிடித்திருக்கிறார்கள். கோட்டைவிட்டவர் ஆடியதை அன்றுதான் பார்த்தேன். கண்ணீரை எந்தப் பக்கம் துடைப்பது என்று தெரியாமல் நானும் அவரோடு சுற்றினேன்.

முகட்டில் போனுக்குச் சிக்னல் கிடைத்தது. மனைவி மார்லீனைக் கூப்பிட்டு அவர்கள் பாஷையில் கொட்டித் தீர்த்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். "உன்கிட்டப் பேசணுமாம்."

அந்த அம்மா உடைந்த ஜெர்மனில், மெதுவாகக் கேட்டார். "தவறிடுச்சுன்னு இவர் சொல்றாரே, நிஜமாவா? இல்ல, போன வருஷம் மாதிரியா?"

அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு வருஷமாக ஒரு வீடே என் பூட்ஸைப் பற்றிப் பேசியிருக்கிறது. எனக்கு மலையிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது.

"நிஜம்தாம்மா" என்றேன். "ஆனா இந்தத் தடவை அவர் என் பேச்சை நம்பவே இல்ல. தானே மண்டிபோட்டுத் தேடிப் பார்த்தாரு."

கெண்டில் அந்த அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு சிரிப்பு.

"ரொம்ப நல்லது. இனிமேலும் உங்க பேச்சை நம்ப வேணாம்னு நான் சொன்னேன்னு அவர்கிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். லீவன் தலையாட்டிவிட்டு, தொப்பியை எடுக்கச் சரிவில் இறங்கிப் போனார்.