கொடி தாண்டாத சோறு

"அவளுக்குக் காட்ட வேண்டாங்க சிஸ்டர். அப்படியே சுத்திக் குடுத்துருங்க, என்ற பையன் எடுத்துட்டுப் போயிருவான்."

நஞ்சம்மாள் கதவை மறைத்து நின்றுகொண்டு மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அறை சிறியது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த லோகப்பிரியாவின் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. மருமகள் மயக்கத்தில் கிடக்கிறாள் என்று மாமியாருக்கு நினைப்பு. மயக்கமாவது, மண்ணாங்கட்டியாவது. காலையில் குழந்தை அழாமல் வெளியே வந்ததிலிருந்து அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாளே தவிர, ஒரு நிமிடம்கூடத் தூங்கவில்லை. பையனா, பெண்ணா என்றுகூட அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. சுமந்தவளுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போல.

வராந்தாவில் மாமனார் காளிச்சாமி போனில் பேசுவது கேட்டது. தோட்டத்தில் கிழக்கு வரப்போரம் குழி வெட்டியாகிவிட்டதாம். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டுமாம். பெரியநாயக்கன்பாளையம் ரோட்டில் இந்நேரம் நெரிசலாக இருக்குமே என்று கவலைப்பட்டார். இன்றைக்கு எல்லாருக்கும் அவசரம். செவ்வாய்க்கிழமை மட்டும் ஒருத்தருக்கும் அவசரமில்லை.

செவ்வாய்க்கிழமைதான் ஸ்கேன். டாக்டரம்மா அவள் வயிற்றில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, குழந்தையின் தலை, வயிறு, தொடையெலும்பு என்று ஒவ்வொன்றாக அளந்துகொண்டு வந்தார். வயிற்றை மட்டும் இரண்டாம் முறையும் அளந்தார். அப்புறம் தொப்புள்கொடிக்குப் போனார். திரையில் சின்னச் சின்ன மேடுகள் வரிசையாக ஓடின.

"போன தடவைக்கு இப்ப வயித்துச் சுத்தளவு ஏறவே இல்லை," என்றார். "கொடியும் மெலிசா இருக்கு. இந்த மேடெல்லாம் ரத்தம் பாயறது. ரெண்டு மேட்டுக்கு நடுவுல கோடு அடியைத் தொடுது பாருங்க, அந்த நேரம் கொடியில ஓட்டமே இல்லை. குழந்தை நல்லா அசையுதாம்மா?"

லோகப்பிரியா வாயைத் திறந்தாள். முன்போல இல்லை, குறைந்துவிட்டது என்று சொல்லத்தான் திறந்தாள்.

"அசையாம என்னங்க டாக்டர்," என்றாள் பக்கத்து ஸ்டூலில் இருந்த நஞ்சம்மாள். "ராவெல்லாம் உதைக்குதுங்க."

யார் வயிறு, யார் பதில் சொல்வது! டாக்டரம்மாவும் அந்தப் பதிலை வாங்கி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சொன்னதையெல்லாம் நஞ்சம்மாளின் முகத்தைப் பார்த்தே சொன்னார். இன்றைக்கே அட்மிட் செய்துவிடுங்கள், தினமும் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் உடனே எடுத்துவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமை கட்டுச்சோறு விருந்து வைத்திருக்கிறோமே என்று நஞ்சம்மாள் இழுத்தாள். சொல்வதைச் சொல்லிவிட்டேன், அப்புறம் உங்கள் இஷ்டம் என்றார் டாக்டரம்மா. அந்த இஷ்டத்தில் லோகப்பிரியாவை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

காரில் ஏறியதும் நஞ்சம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். குழந்தை வளரவில்லை என்றால் தாய் சரியாகத் தின்னவில்லை என்று அர்த்தம். பெற்றவர்கள் வகைவகையாக ஆக்கிக் கட்டிக்கொண்டு வரும் சோற்றை வெள்ளிக்கிழமை வயிறாரத் தின்றால் குழந்தை தானாக ஊறிக்கொள்ளும். விருந்து முடிந்து பிறந்த வீட்டுக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரியில் ஒரு எட்டு காட்டிக்கொள்ளலாம்.

"சோறு பத்தாம இல்லீங்க," என்று பின்சீட்டிலிருந்து லோகப்பிரியா சொன்னாள். "திங்கறது கொடி வழியா போக மாட்டேங்குதுன்னுதான் டாக்டர் சொன்னாங்க."

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் மதன்குமார் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். கணபதியில் லேத் பட்டறை வைத்து எட்டுப் பேருக்கு வேலை சொல்கிறவன். "மூணு நாள்தான லோகு. சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு," என்றான். பிறகு ஏசியைக் கூட்டி வைத்தான்.

வெள்ளிக்கிழமை அவள் அம்மா கருப்பாத்தாள் பாத்திரம் பாத்திரமாக இறக்கினாள். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல். ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்று அம்மா கேட்டதற்கும் நஞ்சம்மாளே பதில் சொன்னாள். எல்லாம் நல்லாருக்குதுங்க சம்பந்தி, தீனிதான் பத்தலை. அவ்வளவுதான், வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு வாய் என்று ஊட்டினார்கள். ரெண்டு உசுருக்குத் திங்கோணும் கண்ணு என்றார்கள். லோகப்பிரியா தின்றாள். நெஞ்சு முட்டத் தின்றாள். ஊரே கூடி ஊட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே ஒன்று பட்டினி கிடந்தது. போகிற வழியில் ஆஸ்பத்திரியை யாரும் நினைக்கவில்லை. இருட்டுவதற்குள் பிறந்த வீடு போய்ச் சேர வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலையில் அம்மா வீட்டில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள். குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தாள். வயிற்றைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, திரையில் அந்த மேடுகள் ஒன்றுகூட இல்லை. ராத்திரியெல்லாம் வலிக்கு மருந்து ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் குழந்தையை வெளியே எடுத்தார்கள்.

இப்போது நர்ஸ் இஸ்மத் நஞ்சம்மாளைத் தாண்டி உள்ளே வந்தாள். கையில் பச்சைத் துணிச் சுருட்டு. கட்டிலருகே குனிந்து, "பாக்கறீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"வேண்டாங்க," என்றாள் நஞ்சம்மாள் பின்னாலிருந்து. "மொகத்தைப் பாத்தா மறக்காதுங்க. அவளுக்கு அந்தத் தெம்பு இல்லீங்க."

லோகப்பிரியா திரும்பினாள். தையல் இழுத்தது. கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், என்னைக் கேளுங்க. என்ற வயித்துல இருந்தது. என்னைக் கேளுங்க."

"கண்ணு, உன்ற நல்லதுக்குத்தான..."

"உதைக்குதுன்னு சொன்னீங்களே அத்தை, யாரை உதைச்சுதுங்க? உங்களையா?"

அந்தக் கோபத்திலும் 'ங்க' நாக்கை விட்டுப் போகவில்லை. அதற்கும் சேர்த்து அவளுக்கு ஆத்திரம் வந்தது. நஞ்சம்மாள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். வாசலில் புதுத் துண்டோடு நின்றிருந்த மதன்குமார் அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். அவனை இரண்டு அறை விட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. எழுந்து நிற்க முடிந்திருந்தால் விட்டிருப்பாள்.

"குடுங்க," என்று கையை நீட்டினாள்.

இஸ்மத் மடியில் வைத்தாள். எடையே இல்லை. லோகப்பிரியா துணியை விலக்கினாள். பெண். தலைமுடி அடர்த்தியாக இருந்தது. மதன்குமாரின் மூக்கு. விரல்களில் நகம்கூட முளைத்திருந்தது. கன்னத்திலும் தொடையிலும்தான் சதையே இல்லை. வயிறு ஒட்டிக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பும், கிளிப்பின் பிடியில் கொஞ்சூண்டு கொடியும். பூக்கட்டுகிற நாரைவிடக் கொஞ்சம் தடிமன். இதன் வழியாகத்தான் அத்தனை சோறும் போக வேண்டியிருந்தது.

யார் யாரோ அளந்த குழந்தை. அவள் மட்டும் அளந்ததில்லை. கட்டை விரலைக் குதிகாலில் வைத்து, சுண்டு விரலை நீட்டி ஒரு சாண் வைத்தாள். அங்கிருந்து இன்னொரு சாண். அது முடிவதற்குள் உச்சந்தலை வந்துவிட்டது. இரண்டு சாண்கூட முழுசாக இல்லை.

வராந்தாவில் காளிச்சாமி, நேரமாகுதே என்று யாரிடமோ சொன்னார். மதன்குமாரின் போன் அடித்தது. அவன் எடுத்துப் பார்த்து, அணைத்துவிட்டான்.

கொஞ்ச நேரம் பொறுத்து இஸ்மத் தயங்கியபடி கேட்டாள்.

"போதுமாம்மா? எடுத்துக்கட்டுங்களா?"

நஞ்சம்மாள் வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். அறையில் இருந்த எல்லாரும் முதல்முறையாக லோகப்பிரியாவின் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் குதிகாலில் கட்டை விரலை வைத்து, மறுபடியும் முதலிலிருந்து அளக்கத் தொடங்கினாள்.