கை நனைத்த பிறகு

எங்கள் காரில் பின்சீட்டுக்கு முன்னால் தரை கிடையாது. ரப்பர் விரிப்பைத் தூக்கினால் ஒரு பலகை இருக்கும். பலகையைத் தூக்கினால் ரோடு தெரியும். கால் வைக்கிறவர்களுக்குத் தெரியாமல் அப்பா அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அது வாடகைக் கார். அறுபத்திரண்டில் புதிதாக வாங்கியது. ஆறு வருஷத்தில் எஞ்சின் ஒருநாள்கூட மக்கர் பண்ணியதில்லை. தகரம் மட்டும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. தை பிறந்தால் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டி அந்த வருஷத்துக்குக் கையெழுத்து வாங்க வேண்டும். தரை இல்லாத வண்டிக்கு அவர் கையெழுத்துப் போடமாட்டார். கையெழுத்து இல்லாவிட்டால் கல்யாண மாதங்களில் வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கும். ஒட்டுப் போட்டுப் பார்த்தாயிற்று. ஓரமெல்லாம் துருவாக இருந்ததால் ஒட்டு பிடிக்கவில்லை. முழுத் தகடாக மாற்ற வேண்டும். அது எந்தக் கடையிலும் கிடைக்காது, கம்பெனியிலிருந்துதான் வரவேண்டும்.

தேவகோட்டையில் ஒரு மில் முதலாளியிடம் இதே வருஷத்து வண்டி இருந்தது. அதற்கும் தரை போயிற்றாம். கம்பெனியே நல்லெண்ணத்துக்காக மாற்றிக் கொடுத்ததாம். கார் ஸ்டாண்டில் இதைக் கேள்விப்பட்ட அன்றே அப்பா, எங்களுக்கு வண்டியை விற்ற ஏஜென்ட் காசிவிஸ்வநாதனிடம் போய்ச் சண்டை போட்டார்.

"ஆறு வருஷம் ஓட்டிப்பிட்டு வந்து நிக்கிறியே சேவுகா. பொண்டாட்டிக்குப் பல்லு விழுந்தா மாமனார்ட்ட போய்க் கேப்பியா?"

"பல்லு விழுகலண்ணே. இடுப்பே விழுந்திருச்சு. கட்டிக் குடுத்தவுகளத்தான கேக்கணும்."

இதை அப்பா வீட்டுக்கு வந்து நாலு தடவை சொல்லிக் காட்டினார். பிறகு கடிதத்துக்கு மேல் கடிதம் போனது. மார்கழி பாதியில், மதுரைக்கு வரும் கம்பெனி இன்ஜினியர் காரைக்குடிக்கும் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது.

உடனே அப்பா கோழியைப் பிடிக்கச் சொன்னார்.

"அவுக ஓட்டல்ல சாப்பிட்டு வந்துருவாக. கோழி எதுக்கு?" என்றாள் அம்மா.

"சாப்பிட விடக்கூடாது. நேரா இங்குட்டு கூட்டியாந்துருவேன். நம்ம வீட்ல கை நனைச்சுட்டா அப்பறம் மாட்டேன்னு சொல்ல வாய் வராது."

எங்கள் பக்கம் அப்படித்தான். காரியம் முடிவாகாமல் யாரும் ஒரு வீட்டில் கை நனைப்பதில்லை. என் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு மனசு ஒப்பவில்லை. கொடுத்த மோரைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். யாரும் எதையும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

இன்ஜினியர் பெயர் தேவசகாயம். பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவர். கழனிவாசலில் எங்கள் வீட்டுக்கு ரயிலடியிலிருந்து ஏஜென்டும் அவரும் எங்கள் காரிலேயே வந்து இறங்கினார்கள். இன்ஜினியர் சட்டையைக் கழற்றிவிட்டு, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். சுத்தியலால் தட்டினார். பிறகு உள்ளே ஏறி விரிப்பையும் பலகையையும் தூக்கிப் போட்டுவிட்டுத் திருப்புளியால் ஓரங்களைக் குத்திப் பார்த்தார். குத்திய இடமெல்லாம் செம்மண் மாதிரி உதிர்ந்தது. நான் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தாச்சு. விஷயம் என்னன்னா..." என்று ஆரம்பித்தார்.

"சாப்பிட்டுப் பேசுவோம்," என்றார் அப்பா. "பசியோட பேசக்கூடாது."

இலை போட்டாயிற்று. ஏஜென்ட் உட்காரவில்லை.

"எனக்கு வயித்து வலி. காலையிலேருந்து ஒண்ணும் இறங்கல," என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தண்ணீர்ச் செம்பை நான் கொண்டுபோய் வைத்தேன். அதையும் தொடவில்லை.

அம்மா என் காதருகே வந்தாள். "காசி அண்ணன் கை நனைக்கல. பாத்தியா?"

அப்பாவும் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை இலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். அங்கே இன்ஜினியர் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தார். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஈரலைத் தேடி எடுத்து இலையில் வைத்தார்.

கை கழுவி வெற்றிலை போட்ட பிறகு இன்ஜினியர் சொன்னார். "ரொம்ப நாளாச்சு இப்படிச் சாப்பிட்டு. சரி, வண்டி விஷயம். கம்பெனியால இதுக்கு ஒண்ணும் செய்ய முடியாதுங்க."

அப்பா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். இன்ஜினியர் சிரிக்கவில்லை.

"துரு கீழேயிருந்து ஏறலை. மேலேயிருந்து இறங்கியிருக்கு. விரிப்புக்கு அடியில கடல் மணல் கிடக்கு. உப்புத் தண்ணி வண்டிக்குள்ள எப்படி வந்தது?"

"அமாவாசைக்குத் தேவிபட்டினம் வாடகை போவேன். கடல்ல முங்கி எந்திரிச்சு ஈரத்துணியோட ஏறுவாக. திதி குடுத்துட்டு வாரவுகள, நின்னு காஞ்சுட்டு ஏறுங்கன்னு சொல்லச் சொல்றீகளா?"

"வந்ததும் விரிப்பைத் தூக்கி நல்ல தண்ணியில கழுவியிருக்கணும்."

"தேவகோட்டை மொதலாளி கழுவுனாராக்கும்?"

"அவர் எங்ககிட்ட மூணு வண்டி வாங்கியிருக்காரு. நாலாவது வாங்கப் போறாரு. அது கம்பெனியா விரும்பிச் செய்யறது. எல்லாரும் கேட்டு வாங்கற உரிமை இல்ல."

"அப்ப நல்லெண்ணம் நாலாவது வண்டி வாங்குறவுகளுக்குத்தான்."

இன்ஜினியர் எழுந்து சட்டையைத் தேடினார்.

"சரி. அத எலையில உக்காரதுக்கு முன்னால சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கதானே சாப்பிட்டுப் பேசலாம்னீங்க?"

"மாட்டேன்னு சொல்ல வந்தவன் எங்க வீட்ல கை நனைக்க மாட்டான்யா. எலும்பக்கூட விடாம கடிச்சுத் துப்பிட்டு, வெத்தலையும் போட்டுக்கிட்டு இல்லைங்கிறீக. நல்லாருக்கா இது?" அப்பாவின் குரல் தெருவுக்குக் கேட்டது.

இன்ஜினியர் திகைத்துப்போய் ஏஜென்டைப் பார்த்தார். கை நனைப்பதென்றால் இங்கே என்ன அர்த்தம் என்று ஏஜென்ட் மெதுவாகச் சொன்னார். இன்ஜினியர் முகம் சிவந்துவிட்டது.

"இதை நீங்க எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"அதான் எனக்கு வயித்து வலின்னு சொன்னேனே சார்."

அப்பா அவர் பக்கம் திரும்பினார். "இல்லைன்னுதான் சொல்லப் போறாகன்னு ஒனக்கு ரயிலடியிலயே தெரியும். தெரிஞ்சுக்கிட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருக்க. விக்கிறப்ப மட்டும் என் வீட்ல மூணு வேளை தின்னல்ல?"

"அப்ப விக்க வந்தேன், தின்னேன். இப்ப குடுக்க ஒண்ணுமில்ல, திங்கல. நான் மொறையாத்தான் நடந்துக்கிட்டேன் சேவுகா."

"ரெண்டு பேரும் நடந்தே ரயிலடிக்குப் போங்க. என் வண்டியிலதான் தரை இல்லையே."

இன்ஜினியர் சட்டையை மாட்டிக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்றார். "ஒண்ணு செய்யறேன். தகடு மட்டும் கம்பெனியிலேருந்து சும்மா அனுப்பச் சொல்றேன். பொருத்தற வேலை உங்களோடது. என்னால இவ்வளவுதான் முடியும்."

"கோழிக்குப் பதிலாத் தகடா?" என்றார் அப்பா. "என் பொண்டாட்டி சோத்துக்கடை நடத்தல. ஒன் தகடு எனக்கு வேணாம்."

அம்மா அந்நிய ஆள் முன்னால் வந்து நின்று நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்தாள். கரண்டி கையில் அப்படியே இருந்தது.

"அனுப்பச் சொல்லுங்க. பொன்னுத்தாயின்னு என் பேருக்கு அனுப்பச் சொல்லுங்க. இவரு பேருக்கு வந்தா திருப்பி விட்ருவாரு."

"உள்ள போடி."

"போறேன். தையில பிரேக் இன்ஸ்பெக்டருக்கும் ஒரு கோழிய அடிச்சுப் போடுங்க. அவரும் தின்னுட்டுத்தான் போவாரு."

ஏஜென்ட் சிரித்துவிட்டார். அதுதான் அப்பாவால் தாங்க முடியாமல் போயிற்று. அவர்கள் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றார். பிறகு அடுப்படிக்கு வந்து, மீதியிருந்த குழம்பைச் சட்டியோடு எடுத்துப் போய்க் கொல்லையில் கவிழ்த்தார். நாங்கள் மூன்று பேரும் அன்று சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. "அழகி, ஒங்கம்மாட்ட வெந்நி போடச் சொல்லு" என்பார் அப்பா. அம்மா அடுத்த அறையில்தான் இருப்பாள்.

தகடு வந்துவிட்டதாக ரயில்வேயிலிருந்து கார்டு வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அம்மாவும் நானும் போய் வாங்கினோம். சாக்கில் சுற்றிக் கட்டியிருந்த தகடு கதவு அகலம் இருந்தது. பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்றார்கள். முன்னால் அம்மாவும் பின்னால் நானுமாகத் தலையில் வைத்துக்கொண்டு, கார்களுக்குத் தகர வேலை செய்யும் பெத்தன் பட்டறைக்கு நடந்தோம். கார் ஸ்டாண்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்பா அங்கே நின்றார். எங்களைப் பார்த்ததும் ஒரு வண்டியின் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார். அது எங்கள் வண்டி இல்லை.

சோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போது கார் தானாகவே பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது. பெத்தன் பழைய தரையை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டை வைத்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் உள்ளே ஏறி நின்று மிதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் ஸ்டாண்டு ஆட்களிடம் அப்பா பேசியதை அடுத்த வீட்டு அக்கம்மாள் வந்து சொன்னாள்.

"நான் போட்ட சத்தத்துல கம்பெனிக்காரன் பயந்துபோய்த் தகட்ட அனுப்பி வச்சுட்டான்னு சொல்லிக்கிட்டு இருக்காகளே ஒங்க வீட்டுக்காரக."

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

மாசியில் அரியக்குடியில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அப்பா அன்றைக்கு வாடகை எடுக்கவில்லை. வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டு, "ஒங்கம்மாவ வந்து ஏறச் சொல்லு" என்றார்.

நான் சொல்வதற்கு முன்பே உள்ளேயிருந்து பதில் வந்தது. "பயந்து அனுப்புன தகட்டுல நான் எதுக்குக் கால வைக்கணும்? நாங்க டவுன் பஸ்ல வந்துக்கிறோம்னு சொல்லு."

பஸ் பாதி தூரம் போனபோது பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. அப்பா விடாமல் அடித்துக்கொண்டே வந்தார். பஸ் டிரைவர் திட்டிக்கொண்டே ஓரம் கட்டினார். எங்கள் கார் பஸ்ஸை உரசுகிற மாதிரி தாண்டிப் போனது. பின்சீட்டில் யாரும் இல்லை.

அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் கண்டக்டரிடம் கையை நீட்டினாள்.

"அரியக்குடி ரெண்டு."